உபயக் கல்லில் இல்லாத பெயர்

1

காரைக்குடியில் ஓவியம், சிற்பம் பார்க்க எங்கே போகவேண்டும் என்று வெளியூர்க்காரர் யாராவது கேட்டால் முனீஸ்வரன் கோயில் தெருவைக் காட்டலாம். கிண்டலுக்குச் சொல்லவில்லை. பழம்பொருள் கடைகள் வரிசையாக இருக்கிற அந்தத் தெருதான் இந்த ஊரின் நிரந்தரக் கண்காட்சி. கட்டணம் கிடையாது, திறப்பு விழா கிடையாது, குத்துவிளக்கு ஏற்றப் பிரமுகர் கிடையாது. இடித்த வீடுகளிலிருந்து வந்த தேக்குத் தூண்கள், செதுக்கிய நிலைகள், ரவிவர்மா அச்சுப் படங்கள், கண்ணாடி பதித்த தஞ்சாவூர்ப் படங்கள், எனாமல் தூக்குகள், நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்து காமிராவை முறைக்கும் செட்டியார்கள், ஆச்சிகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை. ஒவ்வொன்றுக்கும் ஒரு பூர்வீகம். பர்மாத் தேக்கு, பெல்ஜியம் கண்ணாடி, ஸ்வீடன் எனாமல் என்று கடைக்காரர் நாடு நாடாகச் சொல்லுவார். செய்தது யார் என்று மட்டும் கேட்கக்கூடாது. கேட்டால், 'யாராவது ஆசாரி செஞ்சிருப்பான்' என்பதுதான் அதிகபட்சமாகக் கிடைக்கக்கூடிய பதில்.

'யாராவது' என்கிற இந்தச் சொல்லைப் பின்தொடர்ந்து போனால் என்ன கிடைக்கும் என்பதே இந்தக் கட்டுரையின் அக்கறை.

சிறுபத்திரிகைகளில் கலை விமர்சனம் என்று நாம் எழுதியதும் படித்ததும் பெரும்பாலும் சென்னையைப் பற்றியவை. 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் தொடங்கிய ஓவியப் பள்ளி, பிறகு ராய் சௌத்ரி, பணிக்கர், 1966இல் உருவான சோழமண்டலம், நம் அட்டைகளில் வந்த ஆதிமூலத்தின் கோடுகள் என்று அந்த வரலாறு ஒரு ரயில் பாதை மாதிரி நேராகப் போகும். அதற்கு எதிர்ப்பக்கம் 'நாட்டார் கலை' என்று இன்னொரு அறை. அங்கே பெயர்களுக்குப் பதிலாகச் சாதிகளும் மாவட்டங்களும் இருக்கும். இரண்டு அறைக்கும் நடுவில் தெருமுனையில் வெயிலில் நிற்கிற சிலை யார் கணக்கிலும் வராமல் போயிற்று. அழகியல்வாதிகள் அதை அரசியல் என்று தள்ளினார்கள். அரசியல்காரர்களோ அழகியல் நமக்கெதற்கு என்று விட்டுவிட்டார்கள். ஆக, தமிழ்நாட்டில் மிக அதிகமான மக்கள் தினமும் கடந்து போகிற கலை வடிவத்தைப் பற்றி நம்மிடம் விமர்சன மொழியே இல்லை. இருப்பதெல்லாம் பாதுகாப்பு மொழி: வைக்க விடு, உடைக்காதே. இது தேவையான மொழிதான். ஆனால் இது மட்டும் போதுமா?

2

செட்டிநாட்டு வீடுகளைப் பற்றிய பெயர்பெற்ற விமர்சனம் ஒன்று காந்தியுடையது. 1927 செப்டம்பரில் கதர் நிதிக்காக இந்தப் பக்கம் சுற்றுப்பயணம் வந்த அவர், விருந்து கொடுத்தவர்களிடமே நேராகச் சொன்னார்: உங்கள் வீடுகளில் அந்நிய மேசை நாற்காலிகள் மூச்சு முட்ட நெருக்கிக்கொண்டு கிடக்கின்றன, இந்த மாளிகைகளை அலங்கரிக்கிற கான்டிராக்டை என்னிடம் கொடுத்தால் பத்தில் ஒரு பங்குச் செலவில் முடித்து, காற்றோட்டத்தையும் தந்து, இந்தியக் கலைஞர்களிடம் நற்சான்றும் வாங்கிவிடுவேன் என்பது அவர் பேச்சின் சாரம். நன்கொடை வாங்க வந்த இடத்தில் இப்படிச் சொல்ல ஒரு துணிச்சல் வேண்டும். இன்றைக்கு 'பாரம்பரியம்' என்று உருகுகிற சுற்றுலாக் கட்டுரைகளுக்கு முன்னால் வைத்துப் பார்த்தால் காந்தியின் கண் எவ்வளவு கூர்மையானது என்று தெரியும்.

ஆனாலும் அந்த விமர்சனம் வீட்டுக்காரருக்கும் விருந்தாளிக்கும் இடையில் நடந்த ஒன்று. உடைமை எது, ரசனை எது என்கிற இரண்டு முனைகளுக்குள் அது முடிந்துவிடுகிறது. அந்நியப் பொருள், சுதேசிப் பொருள் என்ற பிரிவினையில் மறைந்துபோகிற மூன்றாவது ஆள் ஒருவர் உண்டு. இத்தாலிய சலவைக்கல் கப்பலில் வந்தது சரி; முகம் பார்க்கிற மாதிரி மினுங்குகிற அந்தச் சுவர்ப்பூச்சு கப்பலில் வரவில்லை. கிளிஞ்சல் சுண்ணாம்பை அரைத்து, கடுக்காய்ச் சாறு கலந்து, முட்டை வெள்ளைக்கரு சேர்த்து, கல்லால் நாள்கணக்கில் தேய்த்து எடுத்தது இங்கத்திய கொத்தனார்களின் கை. ஆத்தங்குடிக் கல்லை எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, கரண்டியால் வண்ணக் கலவையை ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் போட்டுத் தண்ணீரில் ஊறப்போட்டு எடுக்கிறார்கள். கண்ணாடியின் வழவழப்பே கல்லுக்கு வந்துவிடும். முகப்பு மாடத்துச் சுதை உருவங்களில் கஜலட்சுமிக்குப் பக்கத்தில் துப்பாக்கி ஏந்திய வெள்ளைக்காரச் சிப்பாய் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். துவாரபாலகர் நிற்கவேண்டிய இடத்தில் துரையின் சிப்பாயை நிறுத்தியது யாருடைய யோசனை? செட்டியாருடைய விசுவாசமா, கொத்தனாருடைய குசும்பா? இரண்டில் எது என்று சொல்ல நமக்கு வழியில்லை. ஏனென்றால் ஒரு தரப்பின் பெயர் மட்டும்தான் வாசலில் எழுதியிருக்கிறது.

பணம் எங்கிருந்து வந்தது என்பதும் இந்தச் சிற்பங்களின் பகுதிதான். கீழ்ப் பர்மாவின் பதின்மூன்று முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் சாகுபடி நிலத்தில் சுமார் 6 சதவிகிதம் செட்டியார்களின் கையில் இருந்தது; நெல்விலை சரிந்து கடன்கள் முழுகிய பிறகு, 1938க்குள் அது சுமார் 25 சதவிகிதம் ஆயிற்று. 1942இல் ஜப்பான் படை நுழைந்ததும் ஓடிவந்தவர்களின் கதையை நாம் நிறையக் கேட்டிருக்கிறோம். அதற்கு முன்னாலேயே நிலத்தை இழந்தவர்களின் கதையைக் கேட்டதில்லை. முனீஸ்வரன் கோயில் தெருவில் சாய்த்து வைத்திருக்கிற தூணில் விடுபட்டிருப்பது செதுக்கியவர் பெயர் மட்டுமில்லை. பர்மிய உழவர் ஒருவருடைய பெயரும் விடுபட்டிருக்கிறது.

2014இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் செட்டிநாடு இடம்பெற்றபோது 'தமிழ் வணிகர்களின் ஊர்த் தொகுதிகள்' என்றுதான் தலைப்பு. கட்டியவர்களின் ஊர் என்று எந்தப் பட்டியலிலும் போடமாட்டார்கள். கோயில் தரைக்கல்லில், குத்துவிளக்கில், மணியில், கடைசியில் டியூப்லைட்டில்கூட 'உபயம்' என்று கொடுத்தவர் பெயர் பொறித்துப் பழகிய பண்பாடு இது. உபயக் கல் என்பது இந்த வட்டாரத்தின் ஆதாரப் பிரதி. அதில் கொடுத்தவர் எழுவாய், கோயில் செயப்படுபொருள். செய்தவருக்கு அந்த வாக்கியத்தில் இலக்கண இடமே ஒதுக்கப்படவில்லை.

3

வால்டர் பெஞ்சமின் 1936இல் ஒரு வேறுபாடு சொன்னார். கலைப்பொருளுக்கு வழிபாட்டு மதிப்பு என்று ஒன்று, காட்சி மதிப்பு என்று ஒன்று. நவீன காலத்தில் முதலாவது தேய்ந்து இரண்டாவது வளர்கிறது என்பது அவர் கணிப்பு. பூஜை அறையிலிருந்து இறக்கிய படம் நட்சத்திர விடுதியின் வரவேற்பறைக்குப் போவதைப் பார்த்தால் சரி என்றுதான் படும். ஆனால் காரைக்குடி அவருக்கு ஒரு எதிர் உதாரணமும் வைத்திருக்கிறது. இங்கே, காட்சிக்கு உரியதாக இருந்திருக்கவேண்டிய ஒன்று வழிபாட்டுக்குள் நுழைந்தது.

கம்பனடிப்பொடி சா. கணேசன் 1939இல் தொடங்கிய கம்பன் கழகம் இந்த ஊரின் அடையாளம். அந்தக் கம்பன் மணிமண்டப வளாகத்தில்தான் தமிழ்த்தாய் கோயில் இருக்கிறது. 1975இல் அன்றைய முதல்வர் கருணாநிதி அடிக்கல் நாட்டினார்; 1993இல்தான் திறப்பு. இடையில் பதினெட்டு வருஷம், எத்தனையோ ஆட்சி மாற்றங்கள். மொழியைத் தாயாக, தெய்வமாக, கன்னியாகக் கட்டமைத்த தமிழ்ப்பற்றின் வரலாற்றை 1997இல் வெளிவந்த தம் நூலில் சுமதி ராமசாமி விரிவாக எழுதியிருக்கிறார். அதைத் திரும்பச் சொல்ல இங்கே இடமில்லை. நமது கேள்வி உருவம் சம்பந்தப்பட்டது. தமிழுக்கு உடம்பு வேண்டும் என்று முடிவானதும், கையெட்டும் தூரத்தில் இருந்த உருவ இலக்கணம் ஒன்றே ஒன்று: ஆகமம். எனவே அமர்ந்த கோலம், நான்கு கை, கருவறை. உருவ வழிபாட்டைக் கேலி செய்து வளர்ந்த ஒரு இயக்கம், தன் மையமான உணர்ச்சிக்கு வடிவம் தேடும்போது ஸ்தபதியிடம் போய் நின்றது. கருத்தியலைத் தானே எழுதிக்கொண்ட இயக்கம் வடிவத்தை மட்டும் கடன் வாங்கியது. கடன் வாங்கிய வடிவம் சும்மா வராது, தன்னுடைய படிநிலையையும் கூடவே கூட்டிக்கொண்டு வரும். கருவறை என்று ஒன்றைக் கட்டினாலே யார் உள்ளே, யார் வெளியே என்ற கேள்வி கட்டடத்திலேயே எழுதப்பட்டுவிடுகிறது.

அந்த ஸ்தபதி, வை. கணபதி ஸ்தபதி. 1927இல் பிள்ளையார்பட்டியில் பிறந்தவர், காரைக்குடி அழகப்பா கல்லூரியில் படித்தவர். 1976இன் வள்ளுவர் கோட்டம் அவருடையது. 2000 ஜனவரி 1 அன்று திறந்த கன்னியாகுமரி வள்ளுவர் சிலையும் அவருடையது. 38 அடிப் பீடம், 95 அடிச் சிலை, மொத்தம் 133. அறத்துப்பாலின் அதிகாரங்கள் பீடமாகவும், மீதி உருவமாகவும் ஆன கணக்கு. அளவே பொருளாகிவிட்ட சிற்பம் அது. அடியில் போய் நின்றால் பாதம்தான் தெரியும், முகம் தெரியாது. பார்க்கிறவரைச் சின்னதாக்குவதைத் தவிர அதற்கு வேறு வேலை இருக்கிறதா என்று நாம் கேட்கலாம், கேட்கவும் வேண்டும்.

ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ளவேண்டும். இந்த வட்டாரத்துச் சிலை செய்தவர்களில் பொதுவெளியில் பெயர் பெற்றவர் அவர். 'யாராவது ஆசாரி' என்ற இருட்டிலிருந்து வெளியே வருவதற்கு அவர் நடத்திய போராட்டம் சாதாரணமானதில்லை. மயன் என்ற ஆதி ஆசானை முன்வைத்து, சிற்பி வெறும் கைவேலைக்காரன் இல்லை, அறிவின் உரிமையாளன் என்று கடைசிவரை எழுதிக்கொண்டும் பேசிக்கொண்டும் இருந்தார், 2011இல் இறந்தார். மயன் வரலாறா, புனைவா என்பது வேறு விவாதம். விஸ்வகர்மா சாதியில் பிறந்த ஒரு கைவினைஞர், பிராமண சாஸ்திரத்துக்குச் சமமாகத் தனக்கொரு சாஸ்திரத்தை நிறுத்திக்காட்டவேண்டிய நெருக்கடி அதில் தெரிகிறது. அந்த நெருக்கடியின் விலையும் தெரிகிறது: சாஸ்திரம் இருந்தால்தான் பெயர். சாஸ்திரம் இல்லாத கைக்கு?

அரசாங்கமும் இதையேதான் நிறுவனமாக்கியது. சென்னையிலும் கும்பகோணத்திலும் ஓவியக் கல்லூரிகள். அங்கே படிப்பவர் 'கலைஞர்'. 1957இல் தொடங்கிய மாமல்லபுரம் கல்லூரியில் படிப்பவர் 'ஸ்தபதி'. முதலாமவருக்கு நவீனம், இரண்டாமவருக்கு மரபு என்று பாகப்பிரிவினை. மண்ணில் எட்டடி உயரக் குதிரை செய்கிற வேளாருக்கு இரண்டு இடத்திலும் பாத்தியதை இல்லை.

4

இனி தெருமுனைக்கு வருவோம். 2018 மார்ச்சில் திரிபுராவில் லெனின் சிலையை இடித்தார்கள். அடுத்தது பெரியார் சிலைகள் என்று முகநூலில் ஒரு பதிவு வந்தது. அன்றைய வேலூர் மாவட்டத் திருப்பத்தூரில் பெரியார் சிலை சேதப்படுத்தப்பட்டது. அதே மாதம் நமக்குப் பக்கத்துப் புதுக்கோட்டை மாவட்டத்தில், ஆலங்குடி அருகே பெரியார் சிலையின் தலையைத் துண்டித்தார்கள். 2023 ஜனவரியில் காரைக்குடியை அடுத்த கோட்டையூரில், தனியார் வீட்டு வளாகத்துக்குள் வைத்த பெரியார் சிலையை அனுமதி இல்லை என்று அதிகாரிகள் அகற்றினார்கள். எதிர்ப்பு எழுந்ததும் சம்பந்தப்பட்ட போலீஸ், வருவாய் அதிகாரிகள் மாற்றப்பட்டார்கள். பொதுச் சாலைகளில் புதிய சிலைகளுக்கு அனுமதி தரக்கூடாது என்று 2013இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. சாலையோரச் சிலைகளை எடுத்துத் 'தலைவர்கள் பூங்கா' ஒன்றில் வைக்கலாம் என்று 2021இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. சிலை என்றால் போக்குவரத்துப் பிரச்சினை, சட்டம் ஒழுங்குப் பிரச்சினை. அதிகாரத்தின் சொல்லாடலில் அது ஒருநாளும் பார்வைப் பிரச்சினையாக வருவதில்லை.

நம்முடைய சொல்லாடலிலும் வருவதில்லை என்பதுதான் சங்கடம். தோழர்கள் பீடத்துக் கல்வெட்டு வாசகத்துக்காக மூன்று கூட்டம் போடுவார்கள். திறப்பவர் பெயர், முன்னிலை வகிப்பவர் பெயர், வட்டம், கிளை எல்லாம் வரிசை தவறாமல் இருக்கவேண்டும். முகத்துக்காக ஒரு கூட்டம் போட்டதில்லை. சிலை லாரியில் வந்து இறங்கும், துணியைப் போட்டு மூடுவார்கள், திறக்கும்போதுதான் எல்லோருக்கும் தெரியும், தாடி இருப்பதால் இது பெரியார் என்று. பீடத்தைச் சுற்றிவந்து பாருங்கள். கோயில் தரையில் கிடக்கிற அதே உபயக் கல்தான் இங்கே நிமிர்ந்து நிற்கிறது. செட்டியார் இருந்த இடத்தில் மாவட்டச் செயலாளர் இருக்கிறார், அவ்வளவுதான். செய்தவருக்கு இங்கேயும் இடமில்லை. கடவுள் மறுப்பாளரின் பீடமும் கடவுளின் பீடமும் ஒரே வாக்கிய அமைப்பில் எழுதப்பட்டிருப்பது சின்ன விஷயமா?

சென்னைக் கடற்கரையில் 1959இல் வைத்த உழைப்பாளர் சிலையை இதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். பாறையை நெம்புகிற நான்கு பேருக்கும் பெயர் கிடையாது. செய்த தேவி பிரசாத் ராய் சௌத்ரிக்குப் பெயர் உண்டு. நமது தெருமுனைச் சிலைகளில் இது தலைகீழ். உழைப்பைப் பாடுகிற நாம், ஒரு சிலைக்குள் போன உழைப்பின் பெயரைக் கேட்பதில்லை.

இப்படிச் சொன்னதும் ரசனைக்காரர்கள் சந்தோஷப்பட்டுவிடக்கூடாது. சிமெண்டுச் சிலைகள் அசிங்கம், ஊரைக் கெடுக்கின்றன என்கிற பேச்சை நாம் அறிவோம். அந்தப் பேச்சு முக்கியமாக எந்தச் சிலையைப் பார்த்து எழுகிறது என்பதும் தெரியும். அம்பேத்கர் சிலையை எடுத்துக்கொள்வோம். நீலக் கோட்டு, கையில் புத்தகம், நீட்டிய விரல். ஊருக்கு ஊர் அதே அச்சு. இந்த ஒரே மாதிரித்தனத்தைக் கலைக்குறை என்று படிப்பவருக்கு அதன் அரசியல் பிடிபடவில்லை. ஓடுகிற பஸ்ஸிலிருந்து அரை நொடி பார்த்தாலும் இந்தத் தெருவில் யார் இருக்கிறார்கள், தலை நிமிர்ந்து இருக்கிறார்கள் என்று சொல்லிவிடுகிற சிலை அது. அதற்கு அசல் கிடையாது, எல்லாமே நகல். 2019 ஆகஸ்டில் வேதாரண்யத்தில் அம்பேத்கர் சிலையை உடைத்தபோது ஒரே நாளுக்குள் மாற்றுச் சிலை வந்து நின்றது. அசலை உடைத்தால் ஈடு கிடையாது. நகலை உடைத்தால் இன்னொரு நகல் வரும். மறு உற்பத்தி கலையைச் சடங்கிலிருந்து விடுவித்து அரசியலின் மேல் நிறுத்துகிறது என்று பெஞ்சமின் சினிமாவை மனதில் வைத்துச் சொன்னதைச் சேரிமுனையின் சிமெண்டு அச்சு செய்து காட்டியிருக்கிறது.

அப்புறம் அந்தக் கூண்டு. தமிழ்நாட்டில் பல ஊர்களில் அம்பேத்கர் கம்பிக் கூண்டுக்குள் நிற்கிறார். கூண்டைத் தனியாகவும் சிலையைத் தனியாகவும் பார்த்துப் பழகிவிட்டோம். விமர்சகரின் கண்ணுக்கு இரண்டும் சேர்ந்து ஒரே சிற்பம். சிலையைச் செய்தது பெயர் தெரியாத ஒரு கை. கூண்டு அரசாங்கத்தின் கையெழுத்து. உடைப்பவனைத் தடுக்க முடியாத அரசு, உடைபடுபவரைச் சிறை வைத்துக் காக்கிறது. இந்த நூற்றாண்டின் தமிழ்ப் பொதுச் சிற்பங்களில் இவ்வளவு வெளிப்படையாகப் பேசுகிற இன்னொன்றை நான் பார்த்ததில்லை.

5

செய்தவர் மறைக்கப்படாத சிற்ப மரபு இந்த வட்டாரத்தில் இல்லையா? இருக்கிறது. சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கம் ஐயனார் கோயில்களின் புரவி எடுப்பு அப்படிப்பட்டது. கோயில் மண்ணில் ஒரு பிடி எடுத்து ஊரார் வேளாரிடம் கொடுப்பார்கள். அதற்குப் பிடிமண் என்று பெயர். அதுதான் ஒப்பந்தம். கண்மாய் மண்ணை மணலும் உமியும் சேர்த்து மிதித்து, முதலில் நாலு கால்களைக் குழலாக எழுப்பி, மேலே உடலை வளையம் வளையமாக ஏற்றி, சூளையிட்டு, சுண்ணாம்பும் நிறமும் தீட்டுகிறார்கள். கண் திறந்தால்தான் குதிரை புரவியாகும். பல கோயில்களில் வேளாரே பூசாரி. செய்த கைதான் பூசையும் செய்கிறது. ஸ்தபதி கருவறைக்குச் சிலையைக் கொடுத்துவிட்டு வெளியே வந்துவிடவேண்டும். வேளார் வெளியே வரவேண்டியதில்லை.

இன்னொரு விஷயம், வயது. ஊர்வலமாகப் போய் ஐயனார் முன்னால் நின்ற புரவி மழையில் கரையும், காது உடையும், புல் முளைக்கும். யாரும் ஒட்டவைப்பதில்லை, கூண்டு போடுவதில்லை. அடுத்த எடுப்புக்குப் புதுசு வரும். பழசும் புதுசும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். நிரந்தரம் என்ற ஆசையே இல்லாத சிற்பம். வெண்கலத்திலும் கருங்கல்லிலும் அதிகாரம் தேடுவது சாகாமையை. களிமண்ணுக்கு அந்தப் பேராசை கிடையாது.

இந்த இடத்தில் நிறுத்திவிட்டால் நாட்டார் கலை பற்றிய வழக்கமான பரவசக் கட்டுரை ஒன்று கிடைத்துவிடும். நிறுத்த முடியாது. 1979இல், தேவகோட்டைக்குப் பக்கத்து உஞ்சனையில், புரவி எடுக்கும் உரிமையை ஒட்டி எழுந்த மோதலில் ஐந்து தலித்துகள் கொல்லப்பட்டார்கள். மண் குதிரையைத் தூக்கிக்கொண்டு போகும் உரிமைக்காக ஐந்து உயிர். இதைச் சாதிக் கலவர வரலாற்றில் எழுதுகிறோம், சரி. கலை வரலாற்றில் எழுதவேண்டாமா? கேலரிகளில் 'டெரகோட்டா' என்று விளக்கு போட்டு வைத்திருக்கிற குதிரைக்குப் பக்கத்தில் இந்தச் செய்தியை எந்த அட்டையிலும் போட்டுப் பார்த்ததில்லை.

உஞ்சனை உள்ளிட்ட நான்கு நாடுகளின் நாட்டார்களுக்கு முதல் மரியாதை என்பது கண்டதேவி கோயில் தேரோட்டத்து வழக்கம். அங்கே தலித்துகள் வடம் பிடிப்பதை 1998இல் தடுத்ததிலிருந்து தகராறு. தேர் என்பது என்ன? சக்கரம் வைத்த மரச் சிற்பம். வடத்தைத் தொடுவது சிற்பத்தைத் தொடுவது. தேர் பல வருஷம் ஓடாமலே நின்றது. 2024 ஜூனில் நீதிமன்ற உத்தரவோடும் போலீஸ் காவலோடும் ஓடியது. ஒரு சிற்பத்தை எல்லோரும் தொடவேண்டும் என்பதற்கு இத்தனை ஆண்டு.

ஆக, செய்தவரை மறைக்காத மரபு, தூக்குகிறவரை மறுத்தது. உபயக் கல்லில் விடுபட்ட பெயரைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் இங்கே வந்துதான் நிற்கவேண்டியிருக்கிறது. கொடுப்பவர், செய்பவர், தூக்குபவர், தொடுபவர், தூரத்தில் நின்று பார்க்க மட்டும் அனுமதிக்கப்பட்டவர் என்று சிற்பத்தைச் சுற்றி எப்போதும் ஒரு வரிசை இருக்கிறது. அந்த வரிசையும் சிற்பத்தின் வடிவத்தில் சேர்ந்ததுதான். நெற்றி சரியாக வந்திருக்கிறதா, மூக்கு சரியாக வந்திருக்கிறதா என்பதோடு நின்றுகொள்கிற விமர்சனம் இந்த மாவட்டத்தில் செல்லாது.

6

2024இல் காரைக்குடி மாநகராட்சி ஆகிவிட்டது. ஓவியக் காட்சி என்றால் இன்னும் பள்ளிக்கூட வகுப்பறை, கல்யாண மண்டபம், இல்லாவிட்டால் பாரம்பரிய விடுதியின் முற்றம். பள்ளிக்கூடத்தில் மலை, சூரியன், தென்னை மரம் போட்ட இயற்கைக் காட்சிக்கு முதல் பரிசு. விடுதி முற்றத்தில் ஆத்தங்குடிக் கல்லும் பனையோலைக் கொட்டானும் கண்டாங்கிச் சேலையும். கொட்டானுக்கு 2013இல், கண்டாங்கிக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. குறியீடு ஊருக்குக் கிடைத்தது. முடைந்த பெண்ணின் பெயரை அதில் தேடவேண்டாம். 'யாராவது' என்பதற்குச் சட்டபூர்வமான ஒரு பெயர் கிடைத்திருக்கிறது, அவ்வளவே.

இந்த மண்ணிலிருந்து போய் நவீனக் கலையில் பெயர் பெற்றவர் இல்லாமல் இல்லை. அச்சோவியர் ஆர்.எம். பழனியப்பன் 1957இல் தேவகோட்டையில் பிறந்தவர். சென்னைக் கலைக் கல்லூரியில் படித்து, லலித் கலா அகாதெமியின் சென்னை மையத்தின் செயலாளராகவும் இருந்தவர். நகர்வையும் வெளியையும் கோடுகளாக, கணக்குகளாக வரைந்தவர். கடல் தாண்டிக் கணக்கு எழுதிய ஒரு சமூகத்தின் ஊரிலிருந்து இப்படிப்பட்ட கோடுகள் வந்ததைப் பற்றி யோசிக்க எவ்வளவோ இருக்கிறது. தேவகோட்டை பஸ் ஸ்டாண்டில் அவர் பெயரைச் சொல்லி நான்கு பேரிடம் விசாரித்துப் பாருங்கள். குறை அவர்களுடையது இல்லை. இங்கே வளர்ந்த கை சென்னைக்குப் போனால்தான் கலைஞர் ஆகும், இங்கேயே இருந்துவிட்டால் ஆசாரியாக, வேளாராக, கொத்தனாராகத்தான் இருக்கும் என்ற ஏற்பாட்டின் விளைவு அது.

இதற்கு மியூசியம் கட்டுவது தீர்வாகுமா என்றால், எனக்குச் சந்தேகம்தான். மியூசியம் வந்தால் முதலில் வாசலில் உபயக் கல் வரும். நம் கையில் இருப்பதிலிருந்து தொடங்கலாம். சிலைகள் நாம் வைப்பவை. பெரியாருக்கோ அம்பேத்கருக்கோ ஜீவாவுக்கோ ஒரு கமிட்டி போடும்போது, வசூல் எவ்வளவு, திறப்பவர் யார் என்பதற்கு முன்னால், செய்யப்போகிறவரைக் கூட்டத்துக்குக் கூப்பிட்டு உட்காரவைக்கலாம். அவர் மண்ணில் மாதிரி செய்து கொண்டுவரட்டும். நாம் வாதாடலாம்: இவர் ஏன் எப்போதும் நிற்கவேண்டும், பீடம் ஏன் இவ்வளவு உயரம், குழந்தைகள் தொட முடிகிற உயரத்தில் இருந்தால் என்ன கெட்டுப்போகும், கூண்டு வரும் என்று தெரிந்தே செய்கிற சிலையில் கூண்டுக்கு என்ன பதில். அவரும் வாதாடுவார். சிமெண்டு எதைத் தாங்கும், எதைத் தாங்காது என்று நமக்குச் சொல்லித்தருவார். கடைசியில் கல்வெட்டில் அவர் பெயரும் ஊரும் வரவேண்டும், திறப்பவர் பெயருக்கு என்ன எழுத்து அளவோ அதே அளவில். கூலியையும் சேர்த்துப் போட்டால் இன்னும் நல்லது.

காட்சிக்கும் இது பொருந்தும். புரவியை விடுதி முற்றத்துக்குக் கொண்டுவந்து நிறுத்துவதைவிட, எடுப்புக்கு முந்தின வாரம் வேளார் வீட்டு வாசலில் அது ஈரமாக நிற்கும்போது போய்ப் பார்ப்பது மேல். போகிறவர்கள் அந்த ஊரில் இந்தப் புரவியை யார் தூக்குகிறார்கள், யார் தூக்கக்கூடாது என்றும் கேட்டுவிட்டு வரவேண்டும். பதில் சொல்ல ஊரார் தயங்கினால் அதையும் எழுதவேண்டும், எந்த ஊர், எந்த வருஷம் என்று.

இதெல்லாம் வேலையைத் தாமதப்படுத்தும் என்று சொல்வார்கள். தமிழ்த்தாய்க்குப் பதினெட்டு வருஷம் ஆனதை யாரும் தாமதம் என்று சொல்லவில்லை. அடுத்த சிலைக்கு ரசீதுப் புத்தகம் அச்சடிக்கப் போகிற தோழர்கள், அச்சகத்துக்குப் போவதற்கு முன்னால் இதை ஒரு முறை பேசிவிட்டுப் போகலாம்.